கனவுப் பலகை: ஆசையின் அரசியலும் ஒரு தாழ்ப்பாளும்

1

அக்கா மகள் கல்லூரியிலிருந்து ஒரு வெள்ளை சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பில் கொடுத்திருக்கிறார்கள். 'விஷன் போர்டு' செய்துகொண்டு வரவேண்டுமாம். அஞ்சு வருஷம் கழித்து நீ எங்கே இருப்பாய், உன்னிடம் என்னென்ன இருக்கும் என்பதைப் படங்களாக வெட்டி ஒட்டி, தூங்கி எழுந்தால் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிவைக்க வேண்டும். "மாமா, உங்க பழைய புஸ்தகத்துலேருந்து படம் வெட்டிக்கட்டுமா?" என்று கேட்டாள். என்னிடம் இருப்பவை சிறுபத்திரிகைகள். படம் என்று பார்த்தால் சில கோட்டோவியங்கள், இறந்துபோன எழுத்தாளர்களின் மங்கலான முகங்கள். அவளுக்கு உதவாது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய வார இதழ்களையும் நகைக்கடை, வீட்டுமனை விளம்பரத் தாள்களையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரெண்டு மணி நேரம் கழித்து வந்து பார்க்கிறேன். எதையும் ஒட்டவில்லை. சார்ட்டின் நடுவில் பென்சிலால் ஒரு கதவு வரைந்திருந்தாள். கதவின் உள்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள். "எனக்கு வேணும்ங்கறது இதுல எதுலயுமே இல்ல மாமா" என்றாள்.

மறுநாள் பயிற்சியாளர் சிரித்தாராம். பெரிதாகக் கனவு காணவேண்டும், தாழ்ப்பாளெல்லாம் ஒரு லட்சியமா என்று கேட்டு, வேறு செய்து வரும்படி திருப்பிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவளிடம் நான் என் பங்குக்கு, "இதெல்லாம் அமெரிக்க முதலாளித்துவக் குப்பை, தூக்கிப் போடு" என்றேன். "உங்களுக்கு எல்லாமே குப்பைதான்" என்று சொல்லிவிட்டு சார்ட்டைப் பீரோவுக்கு மேலே வைத்துவிட்டாள்.

பயிற்சியாளர் அவளுடைய ஆசையைச் சின்னது என்றார். நான் ஆசைப்படுகிற காரியத்தையே குப்பை என்றேன். இரண்டுக்கும் அதிக தூரமில்லை என்பது பிறகுதான் உறைத்தது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலிலிருந்து எழுதப்படுகிறது.

2

செய்முறையை முதலில் பார்த்துவிடுவோம். கனவுப் பலகை செய்பவர்கள் வாழ்க்கையைத் துறைகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள்: வேலை, பணம், வீடு, உடம்பு, உறவு, பயணம். ஒவ்வொன்றிலும் என்ன வேண்டும் என்று யோசித்து அதற்கான படத்தைத் தேடி அட்டையிலோ தெர்மாகோலிலோ ஒட்டுகிறார்கள். நடுவில் தன் புகைப்படம், சுற்றிலும் ஊக்கச் சொற்கள். சொற்கள் நிகழ்காலத்தில் இருக்கவேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள்: 'வாங்குவேன்' என்று எழுதக்கூடாது, 'வாங்கிவிட்டேன்' என்ற தொனியில் எழுதவேண்டும். தினமும் சில நிமிடம் அதைப் பார்த்து, எல்லாம் கைக்கு வந்துவிட்ட உணர்வை மனதில் வரவழைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். கத்தரிக்கோலும் பசையும் வேண்டாம் என்பவர்களுக்குக் கைபேசிச் செயலிகளும் உண்டு.

இதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தால், இருப்பவற்றைவிட இல்லாதவையே அதிகம் பேசுகின்றன. முதலாவது, இதில் வினைச்சொல் கிடையாது. கார் இருக்கும், மாதத் தவணை இருக்காது. வீடு இருக்கும், அதைக் கட்டிய கொத்தனாரும் சித்தாளும் இருக்கமாட்டார்கள். இரண்டாவது, இதில் மற்றவர்கள் கிடையாது. குடும்பம் என்று ஒரு படம் இருந்தாலும் அது சிரித்துக்கொண்டு சும்மா நிற்கிற குடும்பம். மூன்றாவது, காலம் கிடையாது. இருபத்தைந்து வயதில் வரவேண்டியதும் ஐம்பதில் வரவேண்டியதும் ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

இவற்றைவிட முக்கியமானது, படங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது. விளம்பரங்களிலிருந்து. அதாவது ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்ட ஒன்றின் மொழியில்தான் ஆசையைச் சொல்ல முடியும். எதற்குப் படம் இல்லையோ அது ஆசையே இல்லை என்றாகிவிடுகிறது. ரெண்டு அறை கொண்ட லைன் வீட்டில், ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு மூணு மணி நேரம் படிக்கவேண்டும் என்று நினைப்பதற்கு எந்தப் பத்திரிகையிலும் குறிப்பான் இல்லை. கருத்தியல் நம்மை எப்படி 'ஏய், உன்னைத்தான்' என்று கூப்பிட்டுத் தன்னிலைகளாக ஆக்குகிறது என்பதை 1970இல் அல்தூசர் எழுதினார். கூப்பிடுவது ஒருவர், திரும்பிப் பார்ப்பது இன்னொருவர். கனவுப் பலகையில் இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்கிறார். விளம்பரம் நம்மைக் கூப்பிட வேண்டியதில்லை, நாமே வெட்டி எடுத்து வந்து நம் சுவரில் மாட்டி, தினமும் காலையில் நம்மைக் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

3

இந்தப் பழக்கம் எங்கிருந்து கிளம்பியது? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பினியாஸ் குவிம்பி (1802–1866) என்றொரு கடிகாரம் செய்பவர் இருந்தார். மெஸ்மரிசம் பழகி, பிறகு அதையும் விட்டுவிட்டு, நோய் என்பது மனதில் பதிந்த தவறான நம்பிக்கை, அதைத் திருத்தினால் உடம்பும் திருந்தும் என்று சொல்லிச் சிகிச்சை செய்தார். அவருடைய கருத்துகளிலிருந்து கிளைத்ததுதான் 'புதிய சிந்தனை' என்று பெயர்பெற்ற இயக்கம். உடம்பைப் பற்றித் தொடங்கிய பேச்சு இருபதாம் நூற்றாண்டில் பணப்பைக்கு மாறியது. நினைப்பு தன்னைப் போன்றதையே இழுக்கும் என்கிற 'ஈர்ப்பு விதி'யை வில்லியம் வாக்கர் அட்கின்சன் 1906இல் புத்தகமாக்கினார். 1910இல் வாலஸ் வாட்டில்ஸ், பணக்காரர் ஆவதை ஒரு விஞ்ஞானம் என்றே தலைப்பிட்டு எழுதினார். வேண்டியதைப் பற்றிய தெளிவான மனப்படம் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் மையம். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், 1937இல், நெப்போலியன் ஹில்லின் பிரபலமான புத்தகம் வந்தது. 2006இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ரோண்டா பைர்ன் 'தி சீக்ரெட்' என்ற படத்தையும் அதே பெயரில் புத்தகத்தையும் வெளியிட்டார். தமக்கு வழிகாட்டியது வாட்டில்ஸின் புத்தகம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் ஜான் அசராஃப் என்ற தொழிலதிபர் ஒரு கதை சொல்வார்: பெட்டியில் கட்டிப்போட்டிருந்த பழைய பலகையைப் பல வருஷம் கழித்துப் பிரித்துப் பார்த்தால், தாம் வாங்கிக் குடியேறியிருக்கும் அதே வீடு அதில் ஒட்டப்பட்டிருந்ததாம். கனவுப் பலகை வீட்டுக்கு வீடு போனதில் இந்தக் கதைக்குப் பெரிய பங்குண்டு. தமிழுக்கும் இந்தச் சொல்லாடல் புதிதல்ல. அமெரிக்காவில் வாழ்ந்த எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்', எங்கள் ஊர் நூலகத்தில் தையல் விட்டுப்போகும் அளவுக்குப் படிக்கப்பட்ட புத்தகம்.

இந்த வரலாற்றில் நம்மவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு முரண் உண்டு. வாட்டில்ஸ் ஒரு சோசலிஸ்ட். இந்தியானா மாநிலத்தில் சோசலிஸ்ட் கட்சி வேட்பாளராகத் தேர்தலில் நின்றவர். புத்தகம் வந்த மறு வருஷமே, 1911இல், இறந்துபோனார். வறுமையின் சித்திரங்களை மனதில் சுமந்துகொண்டு அலைவதால் வறுமை ஒழியாது, வளமையின் சித்திரத்தை ஏழைகளின் மனதுக்குள் கொண்டுசேர்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். ஏழைக்கு ஆசைப்படும் உரிமை உண்டு என்ற அளவில் இது கலகக் குரல். ஆனால் இதே வாதம், சேரியைப் பார்க்காதே, பட்டினியைப் பற்றிப் படிக்காதே என்ற இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. நூறு வருஷத்தில் கலகம் உதிர்ந்துபோய், 'பார்க்காதே' மட்டும் மிச்சமாகிவிட்டது.

'பார்க்காதே' என்பதன் மறுபக்கம் பழி. நினைத்தால் கிடைக்கும் என்றால், கிடைக்காதவர் சரியாக நினைக்கவில்லை என்றுதானே ஆகிறது? பார்பரா எரன்ரைக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2000இல் தமக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும், மருத்துவத்தைச் சுற்றிலும் 'நேர்மறையாக இரு, சிரி, இதுவும் ஒரு வரம்' என்ற கட்டளையையே கேட்டார். கோபப்பட்டால் நோய் கூடும் என்று நோயாளியையே குற்றவாளியாக்குவதை எதிர்த்து எழுதினார். பின்பு 2009இல் வந்த புத்தகத்தில், வேலையைவிட்டு நீக்கப்பட்டவர்களுக்கு நிறுவனங்கள் ஊக்கப் பேச்சாளர்களை ஏற்பாடு செய்வதையும், 2008 நிதி நெருக்கடிக்கு முன்னால் எச்சரித்தவர்களின் வாய் அடைக்கப்பட்டதையும் இதே கண்ணியில் கோத்துக் காட்டினார். வேலை போனதற்குக் காரணம் முதலாளி அல்ல, உன் மனோபாவம் என்பதைவிட அதிகாரத்துக்கு வசதியான தத்துவம் வேறென்ன?

4

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் சிறுபத்திரிகை வழக்கப்படி அது நிறைவான கட்டுரையாகிவிடும். கட்டுடைத்தாயிற்று, கிளம்பலாம். ஆனால் பீரோ மேல் இருக்கிற சார்ட் அப்படியே இருக்கிறது.

ஆசையைக் கேலிசெய்வதற்கு நம் மொழியில் பழமொழிக்குப் பஞ்சமில்லை. விரலுக்கேத்த வீக்கம். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. இவை பொதுவான ஞானம் போலத் தோன்றினாலும், பெரும்பாலும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்பவை. யாருக்கு எவ்வளவு ஆசை அளவு என்பதைச் சாதி தீர்மானித்து வைத்திருக்கும் சமூகத்தில், மிதியடி போடுவதும் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டுவதும்கூட அளவுமீறிய ஆசைகளாகத் தண்டிக்கப்பட்டிருக்கின்றன. இதையெல்லாம் அறிந்த நாமும் இயக்கக் கூட்டங்களில் சொந்த லட்சியம் பற்றிப் பேசுபவரை 'காரியவாதி', 'குட்டி பூர்ஷ்வா' என்று ஒதுக்கியிருக்கிறோம். அப்படி ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன்.

எர்ன்ஸ்ட் பிளாக்கை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் அமெரிக்கா வந்து சேர்ந்த இந்த ஜெர்மானிய மார்க்சியர், ஹில்லின் புத்தகம் விற்றுக்கொண்டிருந்த அதே நாட்டில், அதே வருஷங்களில், 'நம்பிக்கைக் கோட்பாடு' என்ற நூலை எழுதினார். 1954 முதல் 1959 வரை மூன்று தொகுதிகளாகக் கிழக்கு ஜெர்மனியில் வெளிவந்தது. அதில் பகல் கனவுக்கும் கடையின் கண்ணாடி ஜன்னலுக்கும் புதுத்துணிக்கும் திருவிழாவுக்கும் பக்கம் பக்கமாக இடமுண்டு. இவற்றைப் பொய் என்று தள்ளிவிடக்கூடாது, 'இன்னும் ஆகிவராத' ஒன்றின் மங்கலான வரைபடம் இவற்றுக்குள் இருக்கிறது என்பது அவர் பார்வை. ஆனால் வெறும் ஆசையாகவே நின்றுவிடும் கற்பனை வேறு, உலகத்தில் உண்மையாகவே சாத்தியமாக இருப்பதோடு கைகோத்துக்கொள்ளும் கற்பனை வேறு என்றும் பிரித்தார். அப்படியானால், ஆசைப்படலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. ஒட்டப்பட்ட படத்தை எப்படி இரண்டாவது வகைக்கு நகர்த்துவது என்பதே.

5

கொஞ்சம் உளவியல் பக்கம் போகலாம். 1999இல் லியென் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இருவர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். பரீட்சைக்கு முந்தைய நாட்களில் ஒரு பிரிவினர் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டதாகவும் அதைப் பார்த்துப் பூரிப்பதாகவும் தினமும் கற்பனை செய்தார்கள். இன்னொரு பிரிவினர் தாங்கள் எங்கே உட்கார்ந்து, எப்படிப் படிக்கிறோம் என்பதைக் கற்பனை செய்தார்கள். படிக்கிற காரியத்தைக் கற்பனை செய்தவர்கள் அதிக நேரம் படித்தார்கள், அதிக மதிப்பெண்ணும் வாங்கினார்கள். மதிப்பெண்ணை மட்டும் கற்பனை செய்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

காப்ரியேல ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதையே வேறு திசையிலிருந்து பார்த்தார். பட்டம் முடித்து வேலை தேடுபவர்களிடம் அவரும் சகாவும் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், வேலை கிடைத்துவிட்டதாக இனிமையாகக் கனவு கண்டவர்கள், ரெண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது, குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தார்கள், வேலை வாய்ப்பும் சம்பளமும் குறைவாகவே கிடைத்திருந்தன. கனவு கெடுதல் செய்யவில்லை, ஆளைத் தளர்த்திவிட்டது. அடைந்துவிட்டதாக நினைக்கும்போது உடம்பு இளைப்பாறத் தொடங்கிவிடுகிறது. 2011இல் வந்த இன்னொரு ஆய்வில் அப்படிக் கனவு கண்டவர்களின் ரத்த அழுத்தமே இறங்கியது. அவர் சொன்ன மாற்று எளிமையானது: ஆசையை நினை, உடனே அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் நினை, 'இந்தத் தடை வந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய். 'வாங்கிவிட்டேன் என்று நினை' என்ற விதிக்கு இது நேர் எதிர்.

இதைப் படித்ததும் எனக்கு என் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. எம்.ஏ. படிப்புக்காகக் கதைப்பாடல்கள் குறித்து எழுதிய ஆய்வேட்டைப் புத்தகமாக்கப் போகிறேன் என்று பத்து வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அட்டை எப்படி இருக்கவேண்டும், யார் வெளியிட்டு யார் பெற்றுக்கொள்வது, எந்தப் பத்திரிகையில் யார் திட்டி எழுதுவார், அதற்கு நான் என்ன பதில் எழுதுவேன் என்பது வரை எனக்கு மனப்பாடம். இரண்டாம் இயல் மட்டும் எழுதப்படவில்லை. சார்ட்டும் பசையும் இல்லாமலே நான் ஒரு கனவுப் பலகையைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். நம் வட்டாரத்தில் 'எழுதப்போகும் நாவல்' வைத்திருப்பவர்கள் என்னைவிட நன்றாக இதைப் புரிந்துகொள்வார்கள்.

6

ஒரு எழுத்தாளரின் உதாரணம் சொல்கிறேன். ஆக்டேவியா பட்லர், 1947இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்த கறுப்பினப் பெண். அம்மா வீட்டுவேலை செய்தவர். பட்லரும் பாத்திரம் கழுவுவது, உருளைக்கிழங்கு வறுவலைத் தரம்பார்ப்பது போன்ற வேலைகளைச் செய்துகொண்டு, விடியலுக்கு வெகுமுன்பே எழுந்து எழுதினார். அறிவியல் புனைவு வெள்ளை ஆண்களின் கோட்டையாக இருந்த காலம் அது. 1988இல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தம் ஆசைகளைத் தமக்கே கட்டளையாக எழுதினார். தம் நாவல்கள் அதிகம் விற்பவையாக வேண்டும், நல்ல இடத்தில் வீடு வாங்கவேண்டும், அம்மாவுக்குச் சிறந்த மருத்துவம் கிடைக்கவேண்டும், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளை எழுத்துப் பட்டறைகளுக்கு அனுப்பவேண்டும். அந்தத் தாள் இப்போது கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. 1993இல் வந்த அவருடைய 'பாரபிள் ஆஃப் த சோவர்' நியூயார்க் டைம்ஸின் அதிக விற்பனைப் பட்டியலில் ஏறியது 2020இல், அவர் இறந்து பதினாலு வருஷம் கழித்து.

இதை 'நினைத்தார், நடந்தது' என்று சொல்லும் கட்டுரைகள் உண்டு. ஆனால் அந்தத் தாளைச் சுற்றியுள்ள மற்ற தாள்களில் வரவு செலவுக் கணக்கு, எழுதவேண்டிய நேரம், கெடு எல்லாம் இருக்கின்றன. அந்த ஆசையில் 'நான்' இருக்கிறது, அம்மா இருக்கிறார், முகம் தெரியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீடு வேண்டும் என்பதற்கும் பிள்ளைகளை அனுப்பவேண்டும் என்பதற்கும் நடுவே அவர் வெட்கப்பட்டுக் கோடு போட்டுப் பிரிக்கவில்லை. நம்மால் முடியாமல் போனது அதுதான்.

ஆக, கனவுப் பலகை செய்ய நினைப்பவர்கள் செய்யலாம், இப்படி. வேண்டியதை முதலில் சொல்லால் எழுதுங்கள், பிறகு படம் தேடுங்கள். படம் கிடைக்காவிட்டால் வரையுங்கள். படம் கிடைக்காத ஆசைதான் பெரும்பாலும் நம்முடைய சொந்த ஆசை. முடிவை ஓர் ஓரத்தில் சின்னதாக ஒட்டிவிட்டு, அடுத்த வாரம் செய்யவேண்டிய காரியத்துக்கு நடுவிடத்தைக் கொடுங்கள். கீழே தடைகளைப் பட்டியலிடுங்கள். அந்தத் தடைகளை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்: நானே நீக்கக்கூடியது, வீட்டிலிருப்பவர்களோ நண்பர்களோ சேர்ந்தால் நீங்கக்கூடியது, பலபேர் கூடினால் மட்டுமே நீங்கக்கூடியது. விற்பனைக்கு வரும் பலகைகளில் முதல் பத்தியே எல்லாமாக இருக்கிறது, நம் துண்டறிக்கைகளில் மூன்றாவது பத்தி மட்டும்தான் இருக்கும். நடுப்பத்தியைப் பற்றி இரண்டு பேருமே பேசுவதில்லை.

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோ மேலிருந்து சார்ட்டை இறக்கி இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நீங்களும் ஒண்ணு போடுங்க என்றாள். போட்டேன். தடை என்ற இடத்தில் 'நேரமின்மை' என்று எழுதி, அடித்துவிட்டு, 'டீக்கடை' என்று எழுதினேன். அவள் தாழ்ப்பாளுக்குக் கீழே ரொம்ப நேரம் யோசித்து, நடுப்பத்தியில் ஒரே வரி எழுதினாள்: 'உள் ரூம் மாமாகிட்ட இருக்கு.'

அக்கா பனியன் கம்பெனியில் டெய்லர். கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில் எனக்குத் தனியாக வீடு பார்க்க முடியாது என்று தம்பிக்கு உள் அறையை ஒழித்துக் கொடுத்தவள். தாழ்ப்பாள் இருக்கிற ஒரே அறை அது. எழுத நினைக்கும் பெண்ணுக்குச் சொந்த வருமானமும் பூட்டக்கூடிய அறையும் வேண்டும் என்று 1929இல் வர்ஜீனியா வுல்ஃப் எழுதியதைக் குறைந்தது நாலு கூட்டங்களில் நான் பேசியிருக்கிறேன். நாலு உரையையும் தயாரித்தது அந்த அறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எட்டிலிருந்து பதினொன்று வரை உள் அறை அவளுக்கு என்று முடிவாயிற்று. இந்தக் கட்டுரையை வெளி அறையில் டி.வி. சத்தத்துக்கு நடுவில் எழுதினேன். எழுத முடிகிறது.

அக்காவிடமும் கேட்டோம், உனக்கு என்ன ஒட்டணும் என்று. காஜா எடுக்க வைத்திருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு நாள் மத்தியானம் படுத்துத் தூங்கணும்" என்றாள். அதற்குத் தடை என்ன என்று கேட்டதற்கு, இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள். ஓவர்டைம். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. மூன்றாவது பத்தியில் அந்த ஒரு வரிதான் இப்போது இருக்கிறது. அடுத்த வாரம் செய்யவேண்டியது என்ன என்று அதற்கு நேரே எழுதவேண்டிய இடம் காலியாக இருக்கிறது.